அம்மாவின் கட்டபொம்மன்

வரலாறு என்றதும் நாம் கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைத்துக்கொள்கிறோம். என் அம்மா வரலாறு படித்தது ஒரு நடிகரிடம். அந்த நடிகர் மேல் அவருக்கிருந்த மயக்கத்தையும் சேர்த்தே இன்று சொல்லப்போகிறேன். எழுபது வயதைத் தாண்டிவிட்டார், இனிக் கோபிக்கமாட்டார்.

அம்மாவின் ஊர் முள்ளியவளை. சிறுமியாக யாழ்ப்பாணத்து மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்த்தாராம். பி. ஆர். பந்துலு இயக்கிய அந்தப் படம் 1959 மே மாதம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அம்மாவுக்குக் கெய்ரோவும் தெரியாது, விருதும் தெரியாது. "அந்த மனிசன் கதைச்சால் மேலெல்லாம் சிலிர்க்கும்" என்பார். அவருடைய றங்குப் பெட்டியில், கூறைச் சேலைக்கு அடியில், பத்திரிகையில் வெட்டியெடுத்த சிவாஜி படம் ஒன்று இருந்தது. அப்பாவுக்கும் அது தெரியும். வயலால் பிந்தி வரும் இரவுகளில், "கட்டபொம்மன் சாப்பிட்டிட்டாரோ?" என்று கேட்டபடிதான் கை கழுவுவார்.

இந்த மயக்கம் வெறும் முகத்தில் பிறந்ததல்ல என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. முள்ளியவளை கோவலன் கூத்து ஆடும் ஊர். உரத்த குரலும் பெரிய அசைவும் அந்த மண்ணுக்குப் பழக்கமானவை. சிவாஜியும் கூத்துக்குக் கடமைப்பட்டவரே. சிறுவயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துத்தான் அவரை நடிப்பின் பக்கம் இழுத்தது. படமாகுமுன் அக்கதை சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தில் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகமாக இருந்தது. கூத்திலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து திரைக்கும் போன குரல், கூத்துப் பழகிய ஒரு சிறுமியின் காதில் வந்து விழுந்தது.

2001 ஜூலை 21இல் சிவாஜி காலமானார். வன்னியில் அது பொருளாதாரத் தடைக் காலம், பற்றரி கிடையாது. கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் மிதியை நான் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி பாடும். செய்தி வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். "உனக்குத் துடக்கோ?" என்று அப்பா பகிடி விட்டார். அம்மா பேசாமல் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். அதன்பிறகு அப்பா அந்தப் பகிடி விட்டதில்லை.

சில வருடங்களில் நான் பட்டதாரியாகி வந்தேன். படித்த திமிர். படத்தில் ஜாக்சன் துரைக்கு முன்னால் கட்டபொம்மன் கர்ச்சிக்கிறானே, நடந்தது அப்படியல்ல என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். கலெக்டர் ஜாக்சன் அந்தப் பாளையக்காரரைக் குற்றாலம் தொடங்கி இராமநாதபுரம் வரை தன் பின்னால் இருபத்துமூன்று நாட்கள் அலைய விட்டான். 1798 செப்ரெம்பர் 10இல் பேட்டி கொடுத்தபோதும் இருக்கை தராமல் நிற்க வைத்தே விசாரித்தான். கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் மாண்டான், கட்டபொம்மன் தப்பினார். பின்னர் ஜாக்சன் பதவி இழந்தான். ஆனாலும் 1799 ஒக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். இவ்வளவையும் ஒப்புவித்துவிட்டு, "படத்தில வாற பேச்சு முழுக்க எழுதிக் கொடுத்தது, அம்மா" என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைக் கீழே வைத்தார். "தம்பி, அவ்வளவு நாள் அலைய விட்டு, நிக்க வைச்சுக் கேள்வி கேட்டவனுக்கு அந்த மனிசன் உள்ளுக்குள்ள எவ்வளவு மறுமொழி சொல்லியிருப்பார்? அதைத்தானே சிவாஜி வாய் திறந்து சொன்னவர்."

எனக்கு மறுமொழி வரவில்லை. ஆவணம் எழுதியவன் நாற்காலியில் இருந்தவன். நின்றவனின் மனத்தை அவன் எழுதமாட்டான்.

நமது வன்னிக்கும் இது பொருந்தும். கட்டபொம்மன் தூக்கிலேறி நான்கு ஆண்டுகளில், 1803 ஓகஸ்ட் 25இல், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை விரட்டினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல், ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அதைச் சொல்ல அங்கே ஆங்கிலத்தில் ஒரு கல் நாட்டினார்கள். நம் சங்கப் புலவர்கள் பாடிய நடுகல் விழுந்த வீரனுக்கு உரியது. கற்சிலைமடுக் கல் வென்றவனுக்கு நாட்டியது. விழுந்தவனின் கதையை ஊர் வாய்மொழியும் முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகமுமே நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தன. இதைச் சொன்னபோது அம்மா, "எங்கட ஆளுக்கு ஒரு சிவாஜி வாய்க்கேல்லை" என்றார்.

2009 இடப்பெயர்வில் றங்குப் பெட்டி போய்விட்டது. கூறையும் படமும் அதோடு போயின. அம்மா கூறைக்காக அழுதார். படத்தைப் பற்றிக் கேட்டால், "அது மனப்பாடம்" என்கிறார்.

இப்போது வகுப்பில் இராமநாதபுரம் பேட்டியைப் பற்றி ஆவணம் சொல்வதை முதலில் சொல்கிறேன். பிறகு படத்தின் காட்சியைச் சொல்கிறேன். இரண்டும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று மாணவரைக் கேட்கிறேன். ஆவணத்தை அறியாமல் படத்தை நம்பக்கூடாது. ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நின்றவனுக்குப் பேச்சே இருக்கவில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. இந்தப் பாடம் யாரிடம் கற்றது என்று மாணவருக்கு நான் சொன்னதில்லை. இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.