தம்மையும் கட்டுப்படுத்தும் கோரிக்கை: இழுவைமடித் தடைச் சட்டமும் தீவகக் கடற்றொழிலாளர் அமைப்புகளும்

இலங்கைப் பாராளுமன்றம் 2017 யூலையில் நிறைவேற்றிய 11ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் (திருத்தச்) சட்டம், அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலமாகத் தொடங்கியது என்பதையும், பாக்கு நீரிணையில் இந்திய றோலர்களின் (இழுவைப்படகுகளின்) வருகை பெரும் பிரச்சினையாக இருந்த காலத்தில் அது வந்தது என்பதையும் கொண்டு, அதை இந்தியப் படகுகளுக்கு எதிரான அரசியல் நடவடிக்கையாகவே ஓர் ஆய்வு மரபு வாசித்து வந்திருக்கிறது. அவ்வாசிப்பில் கடற்றொழிலாளர் அமைப்புகள், பாராளுமன்றத்தில் ஒருவர் பேசுவதற்குக் காரணம் கொடுத்த பாதிக்கப்பட்டோராக மட்டுமே தோன்றுகின்றன. சட்டத்தின் வாசகம் இதற்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இழுவைமடி என்பது கடலடித்தளத்தைத் தொட்டபடி இயந்திரப் படகால் இழுக்கப்படும் பைவலை. மீனையும் குஞ்சையும் பிரித்தறியாது வாரிக்கொள்வதோடு, மீன் இனம்பெருகும் தரையையும் கிளறிவிடுகிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்திய புதிய ஏற்பாடு, இலங்கைக் கடலில் இம்முறையை எவரும் கையாளக்கூடாது என்கிறது. படகின் நாட்டைப் பற்றி அது பேசவில்லை. வெளிநாட்டுப் படகு அனுமதியின்றி மீன்பிடிப்பதோ 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே குற்றம். ஆகவே இந்தியப் படகை மட்டும் கருதியிருந்தால் 2017ஆம் ஆண்டின் சட்டம் தேவையே இல்லை. 1979ஆம் ஆண்டின் சட்டத்தைக் கடுமையாக்கியிருந்தாலே போதும். அந்தத் திருத்தம் 2018இல் தனியாகவே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. தண்டத்தின் அளவும் இதையே உணர்த்துகிறது: 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டம் கோடிக்கணக்கான ரூபா வரை உயர்த்தப்பட, 2017ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது இரண்டு ஆண்டு வரையான சிறையும் 50,000 ரூபா தண்டமும். இது உள்ளூர்ப் படகுக்காரனை மனத்திற் கொண்ட தொகை என்று கொள்வதே பொருத்தம். யாழ்ப்பாணத்தின் குருநகர் முதலிய துறைகளில் இழுவைப்படகுகளை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களையே அச்சட்டம் முதலில் கட்டியது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தின் நிலை முக்கியமாகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றின் தொழிலாளர் பெரும்பாலும் சிறிய கண்ணாடியிழைப் படகுகளில் சென்று வலை படுப்பவர்கள். இந்திய றோலர்கள் வழக்கமாக வரும் திங்கள், புதன், சனி நாள்களில் வலை அறுபடும் என்ற அச்சத்தால் பலர் கடலுக்கே போவதில்லை. அவர்களது கிராமச் சங்கங்கள் சமாசங்களாகவும், சமாசங்கள் மாவட்டச் சம்மேளனமாகவும் இணைந்த கூட்டுறவு அடுக்கில், இழுவைப்படகு வைத்திருக்கும் ஊர்களும் வலை இழக்கும் ஊர்களும் ஒரே மேசையில் அமர வேண்டியிருந்தது. அந்நியப் படகை மட்டும் தடுக்கக் கேட்பது இக்கூட்டமைப்புக்கு எளிது. தம்மவர் தொழிலையும் நிறுத்தக் கேட்பது கடினம். கடினமானதைக் கேட்டதால்தான், எதிர்க்கரையான தமிழ்நாட்டில் உள்ளவர்களும் தமிழர்களே என்ற நிலையில், அக்கோரிக்கை இனப்பகையாகவோ கொழும்பின் கருவியாகவோ சுருக்கப்படாமல் கடல்வளத்தின் பெயரால் நிற்க முடிந்தது.

இந்திய, இலங்கைக் கடற்றொழிலாளரிடையே நடந்த 2010 ஆகஸ்ட் பேச்சுவார்த்தையையும் இவ்வொளியில் மீள நோக்க வேண்டும். இரு நாட்டுத் தன்னார்வ அமைப்புகளின் துணையோடு தொழிலாளர் பிரதிநிதிகள் நேரடியாகப் பேசி, ஓராண்டுக்குள் இந்திய இழுவைப்படகுகள் விலகுவதென்றும், இடைக்காலத்தில் ஆண்டுக்கு 70 நாள்கள் மட்டும் வருவதென்றும் எட்டிய உடன்பாட்டை அரசுகள் ஏற்கவில்லை. அதனால் அது தோல்வியென எழுதப்படுகிறது. ஆயினும் பிரச்சினையை எல்லை மீறலாக அன்றித் தொழில்முறையின் கேடாக இரு தரப்பும் அங்கே ஏற்றுக்கொண்டன. 2016 நவம்பரில் டெல்லியில் இரு அரசுகளும் இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டதும் அதே மொழியில்தான். ஒன்று மற்றொன்றை நேரே உண்டாக்கியது என்று கூறுவது மிகை. ஆனால் தொடர்பே இல்லை என்பது அதைவிடப் பெரிய மிகை.

சட்டம் வந்த பின்னும் றோலர்கள் வருகின்றனவே, உள்ளூரிலும் இழுவைமடித் தொழில் முற்றாக ஒழியவில்லையே என்ற மறுப்பு நீண்ட பதிலுக்குரியதன்று. 2021 ஒக்ரோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை கடல்வழியாகப் போராடியவர்கள் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறே கேட்டனர். சட்டம் இல்லாதிருந்தால் கேட்பதற்கு அந்தப் பிடிமானமும் இருந்திராது.

இந்த அனுபவத்தைத் தன்னார்வ அமைப்புகளுக்குப் பாடமாகக் கொள்ளும்போது, கூட்டுறவுச் சங்கங்களை அவற்றோடு ஒப்பிடலாமா என்று எழும் வினா மேலும் வலுவானது. 2014 யூலையில் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம், அந்நிறுவனங்கள் ஊடக மாநாடுகளும் ஊடகவியலாளர் பயிற்சிகளும் நடத்தலாகாதென அறிவித்தது. 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கடற்றொழிலாளர் சங்கங்கள் வேறொரு சட்டத் தளத்தில் நின்றன. நிதி வழங்கும் அறக்கட்டளைகள் அறிய வேண்டிய வேறுபாடு இது. கொள்கைப் பரிந்துரைப்பு, அதாவது சட்டத்தையும் அரச முடிவையும் மாற்ற முறையாக வாதாடுவது, உறுப்பினருக்குப் பொறுப்புச் சொல்லும் அமைப்பின் வாயிலாக வரும்போது அதை வெளிநாட்டுப் பணத்தின் குரலென ஒதுக்குவது கடினமாகிறது.

எனவே தீவகத்துக்கு உதவ முன்வரும் நிறுவனங்கள் கொழும்பு விடுதிகளில் பயிலரங்கு நடத்துவதை விட்டு, அறுந்த வலைகளின் கணக்கைச் சங்கங்கள் நாள்வாரியாகப் பதியவும், நெடுந்தீவுப் பிரதிநிதி குறிகட்டுவான் இறங்குதுறை வழியாகச் சம்மேளனக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து தன் ஊரின் வாக்கை அளிக்கவும் ஆகும் செலவை ஏற்க வேண்டும்.