நின்றால் அணையும் விளக்கு

தாத்தாவுக்கு ஊர் பாகூர் பக்கம், வேலை புதுச்சேரி பஞ்சாலையில். இரண்டாம் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் சைக்கிளை எடுப்பார். டைனமோவைத் தட்டிப் பின் டயரோடு சாய்ப்பார். அது உரசி முனக, முன்னால் ஒரு மஞ்சள் வட்டம் ஓடும். வேகமா மிதிச்சா வெளிச்சம், மெதுவா போனா மங்கல், நின்னா இருட்டு. "லைட்டுக்கும் சேர்த்துத்தான்டா மிதிக்கணும்" என்பார்.

அந்த நேரத்தில் அவர் சாலையில் இருந்ததற்கே ஒரு வரலாறு உண்டு. 1936இல், பிரெஞ்சு ஆட்சியில், ஆலைத் தொழிலாளர்கள் 8 மணி நேர வேலை கேட்டுப் போராடினார்கள். தலைவர் வ. சுப்பையா. ஜூலை 30 அன்று சவானா மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே 8 மணி நேரம் சட்டமானது. நாளை எட்டு எட்டாகப் பிரித்தால் மூன்று ஷிப்டு. அதில் ஒரு ஷிப்டு ஆட்கள் இருட்டில்தான் வீடு திரும்பியாக வேண்டும்.

சைக்கிள் விளக்கு முதலில் எண்ணெயில் எரிந்தது. 1890களின் கடைசியில் கார்பைடு விளக்கு வந்தது. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு வரும், அதைப் பற்றவைப்பார்கள். வெளிச்சம் பிரமாதம், நாற்றம் தாங்காது. பிறகுதான் டைனமோ. 6 வோல்ட், 3 வாட். எண்ணெய் வேண்டாம், கல் வேண்டாம், கால் போதும்.

விளக்கு இல்லாத சைக்கிளைப் போலீஸ் பிடித்த காலம் அது. ஆனால் நிறுத்தினால் டைனமோ விளக்கு அணைந்துவிடுமே? ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையால் சுற்றி எரிய வைத்துக் காட்டுவார்களாம்.

சிரிப்பாக இருந்தாலும் அதில்தான் ஆபத்து. களைத்துப்போய் சைக்கிள் மெதுவாகும்போதோ நிற்கும்போதோ பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கும் அணைந்துவிடும். பின்னால் வரும் லாரிக்கு நாம் தெரிய வேண்டிய நேரமே அதுதான். புதுச்சேரி கடற்கரையில் 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கமும் கடலைப் பார்க்க ஏற்றியது இல்லை. கப்பல்காரன் கரையைத் தெரிந்துகொள்ள ஏற்றியது.

இன்று எல்இடி அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது, நின்றாலும் எரியும். வாங்குவதானால் முதலில் பின்விளக்கை வாங்குங்கள். முன்விளக்கை எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் சாலையைப் பார்த்துக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் ரிஃப்ளெக்டர் இருக்கட்டும்.

ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டது. சங்கு இல்லை. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு ஓட்டல் வேலை முடித்து, வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பி, கடலூர் ரோட்டில் சைக்கிள் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். விடிகாலையில் ஹெல்மெட்டோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் நம்மிடம் இரண்டு விளக்கு இருக்கிறது. அவர்களில் பலரிடம் ஒன்றுகூட இல்லை.

தாத்தாவின் டைனமோ பரணில் கிடக்கிறது. விரலால் சுற்றினால் இன்னும் முனகுகிறது.