மீன்கொட்டகை தந்த மேடை

நாடகம் வளர வேண்டுமா? நல்ல அரங்கம் வேண்டும், நாலு திசையும் ஒளியுமிழும் விளக்குகள் வேண்டும், பட்டும் சரிகையும் மின்னும் உடைகள் வேண்டும், இவற்றுக்கெல்லாம் பணத்தைக் கொட்டிட ஒரு சீமான் வேண்டும்! இப்படிப் பேசுவோர் எங்கும் உளர். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் போடுவதென்றாலும், கதை என்ன என்று கேட்பதற்கு முன்பே திரைச்சீலைக்கு வாடகை என்ன என்றுதான் கேட்கின்றனர். ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய ஒன்று. இவர்கட்கு, 1916ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்க நாட்டுக் கடலோரச் சிற்றூரொன்றில், பாழடைந்த மீன்கொட்டகையொன்றில் நடைபெற்ற நாடகங்களின் கதையைச் சொல்லிட விரும்புகிறேன்.

ஊரின் பெயர் பிராவின்ஸ்டவுன். மாசசூசட்ஸ் மாநிலத்தின் கிழக்கே, வளைந்த கைபோலக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கேப் காட் நிலத்தின் முனையில் இருக்கிறது. சமயக் கொடுமையிலிருந்து தப்பிட எண்ணி 'மேஃப்ளவர்' கப்பலேறியவர்கள், 1620 நவம்பரில் முதன்முதல் நங்கூரமிட்ட துறைமுகம் அதுவே. பின்னர் அது மீனவர் ஊராயிற்று. போர்த்துகீசிய மீனவர் பலர் குடியேறினர். 1898இல் வீசிய பெரும்புயல் படகுத்துறைகளைப் பிய்த்தெறிந்தது. பிழைத்து நின்ற துறைகளில் சில பயனற்றுக் கிடந்தன. 1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும், பாரிசுக்கும் இத்தாலிக்கும் சென்று பழகிய ஓவியர்களும் எழுத்தாளர்களும் வழி அடைபட்டு, வாடகை மலிவான இந்த ஊரைத் தேடி வந்தனர்.

அந்நாளைய அமெரிக்க நாடக உலகம் எப்படி இருந்தது? 1896இல் ஆறு முதலாளிகள் கூடி 'தியேட்டரிகல் சிண்டிகேட்' என்றொரு கூட்டு அமைத்தனர். எந்த ஊர் அரங்கில் எந்த நாடகம் நடக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்தனர். பின்னர் ஷூபர்ட் சகோதரர்கள் போட்டிக்கு வந்தனர். ஆண்டை மாறினான், அடிமைத்தனம் மாறவில்லை! விலைபோகும் சரக்கே மேடையேறிற்று. ஜேம்ஸ் ஓநீல் என்ற நடிகர், மாண்டி கிறிஸ்டோ பிரபு என்ற ஒரே வேடத்தை ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான முறை நடித்தார். பணம் குவிந்தது, கலை கருகிற்று. அந்த நடிகரின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகனைச் சிறிது நேரத்தில் சந்திக்கப் போகிறோம்.

பிராவின்ஸ்டவுனுக்கு வந்தவர்களில் ஒரு தம்பதியர் இருந்தனர். கணவர் ஜார்ஜ் கிராம் குக். மனைவி சூசன் கிளாஸ்பெல். இருவரும் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரத்தார். அங்கே, இளைஞர் ஃபிளாய்ட் டெல்லுடன் சேர்ந்து, பழைய சமயக் கட்டுப்பாடுகளை ஏற்காதார் கூடிப் பேசும் 'மோனிஸ்ட் சங்கத்தில்' ஈடுபட்டவர்கள். அயர்லாந்தின் ஆபி நாடகக் குழுவினர் அமெரிக்காவில் சுற்றுலா வந்தபோது, சொந்த மண்ணின் மக்களை மேடையில் பேசவைத்த அந்த நடிப்பு குக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது. நம் நாட்டுக்கு இப்படியொரு மேடை ஏன் கூடாது என்ற ஏக்கம் அவருக்கு.

1915இல் இருவரும் சேர்ந்து 'அடக்கிய ஆசைகள்' என்ற ஓரங்க நாடகத்தை எழுதினர். ஃபிராய்டின் உளவியலை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, காண்போர் கனவுக்கெல்லாம் பொருள் சொல்லத் திரிந்தோரைக் கிண்டல் செய்யும் நாடகம். நியூயார்க்கின் சிறு நாடகக் குழுவொன்று அதை ஏற்க மறுத்தது. மறுத்தால் என்ன? ஜூலை 15 அன்று நண்பர் ஹட்சின்ஸ் ஹாப்குட் வீட்டிலேயே நடித்தனர். ஹாப்குட்டின் மனைவி நீத் பாய்ஸ் எழுதிய நாடகம் முதலில். அது கடலைப் பின்புலமாகக் கொண்டு திண்ணையில் நடந்தது. பார்த்தவர்கள் கூடத்தில் இருந்தனர். அது முடிந்ததும், பார்த்தவர்கள் திண்ணைக்கு வந்தனர், கூடம் மேடையாயிற்று! செலவு? விளக்கெண்ணெய்ச் செலவுதான்.

பார்க்க வருவோர் பெருகவே வீடு போதவில்லை. எழுத்தாளர் மேரி ஹீட்டன் வோர்ஸ் அம்மையாருக்கு லூயிஸ் படகுத்துறையும் அதன்மேல் ஒரு பழைய மீன்கொட்டகையும் சொந்தம். படகுகளையும் வலைகளையும் அகற்றித் தூய்மை செய்தனர். தொடக்க நாட்களில், விளக்கைக் கையில் ஏந்திச் சிலர் மேடையோரத்தில் நின்றனர். தீப்பற்றினால் அணைக்க மணலும் மண்வெட்டியுமாக வேறு சிலர் பக்கத்தில் நின்றனர். அந்தக் கோடையிலேயே வில்பர் டேனியல் ஸ்டீல் எழுதிய நாடகமொன்று அங்கு நடந்தது. 1914இல் நியூயார்க்கில், ஃபிராங்க் டானன்பாம் என்ற இளைஞர் வேலையற்ற ஏழைகளைக் குளிரிலிருந்து காக்க மாதா கோவில்களுக்குள் அழைத்துச் சென்றார். அதற்காகச் சிறையில் தள்ளப்பட்டார். அச்செய்தியே நாடகத்தின் கரு. யாரோ ஒரு கலகக்காரனைப்பற்றி மேடையில் பேசுகிறார்கள். டானன்பாமைத்தான் பேசுகிறார்கள் என்று அவையோர் எண்ணியிருக்க, பேசப்பட்டவர் ஏசுநாதர் என்பது இறுதியில் வெளிப்படும். ஏசுவின் பெயரால் எழுந்த ஆலயத்தில் ஏழைக்கு இடமில்லை என்பதை இதைவிடச் சுருக்கென்று எப்படிச் சொல்வது?

இனி 1916க்கு வருவோம். குக் முன்கூட்டியே சந்தா வாங்கிக் கோடைப் பருவத்துக்கு நாடக வரிசைகளை அறிவித்துவிட்டார். மேடை ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் பின்புறக் கதவுகளைத் தள்ளிவிட்டால், கடலே திரைச்சீலை. முதல் வரிசையில் நீத் பாய்சின் நாடகமும், ஜான் ரீட் எழுதியதொன்றும், பழைய 'அடக்கிய ஆசைகளும்' நடந்தன. (ஆம், உருசியப் புரட்சியை நேரில் கண்டு 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்' எழுதிய அதே ஜான் ரீட்தான்!) இரண்டாம் வரிசைக்கு நாடகம் தேடினார்கள். வயதான புரட்சிச் சிந்தனையாளர் டெரி கார்லினும், அவருடன் ஓர் இளைஞரும் ஊருக்கு வந்து தங்கியிருந்தனர். தெருவில் டெரியைக் கண்ட கிளாஸ்பெல், உம்மிடம் நாடகம் உண்டா என்று கேட்டார். என்னிடம் இல்லை, என்னுடன் இருப்பவனிடம் பெட்டி நிறைய உண்டு என்றாராம் டெரி.

அந்த இளைஞர்தான் யூஜின் ஓநீல். மாண்டி கிறிஸ்டோ நடிகரின் மகன். வயது இருபத்தேழு. தந்தை நடித்த பகட்டு நாடகங்களைப் பக்கத்திலிருந்து பார்த்து வெறுத்தவர். கப்பலில் கூலியாளாக உழைத்தவர். ஒரு நாடகமும் அதுவரை மேடையேறவில்லை. நண்பர் ஒருவர் நாடகத்தை உரக்கப் படிக்க, எழுதியவர் கூச்சத்தால் பக்கத்து அறையில் ஒதுங்கியிருந்தார். படித்து முடிந்ததும் அனைவரும் எழுந்து சென்று அவரைச் சூழ்ந்துகொண்டனர் என்று கிளாஸ்பெல் எழுதியுள்ளார்.

'கிழக்கே கார்டிஃப் நோக்கி' என்பது அந்த நாடகம். மூடுபனி சூழ்ந்த இரவில் செல்லும் சரக்குக் கப்பல். உள்ளே தவறி விழுந்து சாகக்கிடக்கும் மாலுமி யாங்க். அவனருகே தோழன் டிரிஸ்கால். மன்னன் இல்லை, மகுடம் இல்லை, கத்திச்சண்டை இல்லை. நிலத்தில் ஒரு வீடும் சிறிது வயலும் இருந்திருந்தால் என்று சாகும்போது ஏங்கும் உழைப்பாளி ஒருவன், அவ்வளவே! ஜூலை 28 அன்று அது நடந்தது. பலகைகளுக்கு அடியில் அலை மோதிற்று. துறைமுகத்தில் உண்மையாகவே மூடுபனி. எச்சரிக்கை மணியோசையும் கேட்டது. பல்லாயிரம் டாலர் கொட்டினாலும் பிராட்வே முதலாளிகளால் வாங்க முடியாத காட்சியமைப்பு! குக் யாங்காக நடித்தார். ஓநீலும் ஒரே ஒரு வரி பேசும் வேடத்தில் தோன்றினார்.

ஓநீலைக் கண்டெடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பருவத்தைப் போற்றுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மேடையின் பெரும்பேறு ஆகஸ்ட் 8 அன்று வந்தது என்பேன். அதன் கதை பதினாறு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் தொடங்குகிறது.

1900 டிசம்பரில், அயோவா மாநிலத்து இண்டியனோலா ஊருக்கு அருகே, ஜான் ஹோசாக் என்ற உழவர் இரவில் படுக்கையிலேயே கோடரியால் தாக்கப்பட்டு மாண்டார். அருகில் உறங்கிக்கொண்டிருந்தேன், எதையும் காணவில்லை என்றார் மனைவி மார்கரெட். பல பிள்ளைகளைப் பெற்றவர். கணவர் நல்லடக்கத்தன்றே கைது செய்யப்பட்டார். அவ்வழக்கை எழுத அனுப்பப்பட்ட செய்தியாளர், டிமாயின் நகரத்து ஏடொன்றில் பணியாற்றிய இருபத்துநான்கு வயது கிளாஸ்பெல்! முதலில் அவரும் ஊரோடு சேர்ந்தே எழுதினார். பின்னர் அந்தப் பண்ணைவீட்டைக் கண்டார். அதன் பிறகு எழுத்தில் கனிவு தெரிந்தது. கணவன் கொடுமைக்காரன் என்பது அயலாருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லியாவது அந்தப் பெண்ணுக்கு இரங்கினரா? இல்லை. அடிபட்டவள், ஆகவே கொன்றிருப்பாள் என்று அதையே கொலைக்குக் காரணமாக்கினர்! 1901இல் ஆண்களே அமர்ந்த ஜூரி, குற்றவாளி என்றது, வாழ்நாள் சிறை. 1902இல் மாநில உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. 1903இல் நடந்த மறுவிசாரணையில் ஜூரியினர் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை, அவர் விடுவிக்கப்பட்டார். கொன்றவர் யார் என்பது நீதிமன்றத்தில் தெளியவே இல்லை.

1916இல் குக், உன் நாடகம் ஒன்றை அறிவித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னார். நாடகம் எழுத நான் படித்ததில்லையே என்றார் அவர். பின்னர் மீன்கொட்டகைக்குச் சென்று, வெறும் மேடையைப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தார். மேடை மெல்ல மெல்ல அடுக்களையாக மாறிற்று. பழைய பண்ணைவீட்டின் அடுக்களை! அதற்குள் ஆடவர் சிலர் நுழைந்தனர். பின்னால் இரு பெண்கள் தயங்கி நின்றனர்.

'அற்பங்கள்' என்று நாடகத்துக்குப் பெயர். கணவன் கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டிருக்கிறான். மனைவி மின்னி சிறையில். அவள் மேடைக்கு வருவதே இல்லை. அரசு வழக்கறிஞரும் ஷெரீபும் தடயம் தேடி மாடிக்கும் தொழுவத்துக்கும் நடையாய் நடக்கின்றனர். அடுக்களையில் என்ன இருக்கப்போகிறது, சட்டியும் பானையும்தானே! குளிரில் பழப்பாகுச் சாடிகள் வெடித்துவிடுமே என்று சிறையிலிருந்தபடி மின்னி கவலைப்படுகிறாள் எனக் கேட்டு ஆடவர் நகைக்கின்றனர். அந்த 'அற்பங்கள்' நடுவேதான் வழக்கு முழுதும் கிடக்கிறது. சீராகத் தைத்து வந்த ஒட்டுத்துணிப் போர்வையில் ஓரிடத்தில் மட்டும் தையல் தாறுமாறாக ஓடுகிறது. கதவு பிய்ந்த பறவைக்கூண்டு. தையற்பெட்டிக்குள் பட்டுத்துணி சுற்றிய கானரிக் குருவி, கழுத்து திருகப்பட்டு! குழந்தையற்ற வீட்டில், பேச்சற்ற வாழ்வில், பாடிய ஒரே குரல் அது. கன்னியாக இருந்தபோது மின்னியும் பாடுவாளாம். இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். ஒருமுறையாவது இவளை வந்து பார்த்தேனா, அதுவும் குற்றமல்லவா, அதற்குத் தண்டனை தருவார் யார் என்று குமுறுகிறாள் அயல்வீட்டுப் பெண். ஆடவரின் காலடி ஓசை கேட்கிறது. குருவி ஒளிக்கப்படுகிறது.

சட்டத்தை மறைப்பது அறமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த ஆண்டின் நாட்குறிப்பைப் புரட்டிவிட்டுக் கேட்கட்டும். 1915 நவம்பரில் மாசசூசட்ஸ் மாநிலத்து ஆடவர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று பெருவாரியாக வாக்களித்தனர். 1916 ஜூன் 5 அன்று, மின்னி போன்றோர் வாழ்ந்த அயோவாவிலும் அதே கேள்வி. ஏறத்தாழ 10,000 வாக்கு வேறுபாட்டில் அங்கும் தோல்வி. 'அற்பங்கள்' நடந்தது இரண்டே திங்கள் கழித்து. சட்டம் செய்யும் உரிமை பெண்ணுக்கு இல்லை; வாக்கு இல்லை; அயோவாவில் ஜூரியில் அமரவும் இடம் இல்லை. சட்டம் என்ற சொல்லில் அவள் பங்கு எவ்வளவு? கூண்டில் நிற்கும் பங்கு மட்டும்! அன்று அயல்வீட்டுப் பெண்ணாக நடித்தவர் எழுதிய கிளாஸ்பெல்லே. அவள் கணவனாக நடித்தவர் குக். அடுத்த ஆண்டு கிளாஸ்பெல் அக்கதையைச் சிறுகதையாகவும் எழுதி, 'அவளையொத்தாரின் ஜூரி' என்று பெயரிட்டார். நாடு முழுதும் பெண்ணின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது 1920இல்தான்.

அந்தச் செப்டம்பரில் குழு முறையாக அமைந்தது. எழுதியவரே தம் நாடகத்தை உருவாக்க வேண்டும், எந்த நாடகம் என்பதை உறுப்பினர் வாக்கெடுத்து முடிவுசெய்ய வேண்டும் என்று விதி செய்தனர். நவம்பர் 3 அன்று நியூயார்க், மக்டூகல் தெரு 139ஆம் எண் வீட்டில் மேடை திறந்தது. விமரிசகர்க்கு இலவச அனுமதிச்சீட்டு இல்லை என்றார் குக்! கையில் காசில்லாதவருக்கு எவ்வளவு திமிர் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த திமிர்.

வறுமை சிதைக்காத குழுவை வெற்றி சிதைத்தது. 1920 நவம்பரில் ஓநீலின் 'எம்பரர் ஜோன்ஸ்' நடந்தது. தலைமை வேடத்தில் சார்லஸ் கில்பின் என்ற கறுப்பின நடிகர். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு நீக்ரோவராக நடித்த காலத்தில் அது பெரும் துணிவு. நாடகம் பிராட்வேக்குச் சென்றது. அந்த ஆண்டு நாடகத்துக்குத் தொண்டாற்றிய பதின்மருள் ஒருவராக நாடகக் கழகம் ஒன்று கில்பினைத் தேர்ந்தது. ஆனால் விருந்துக்கு அழைக்கலாமா என்று முணுமுணுத்தது! அவருக்கு இடமில்லையெனில் எங்களுக்கும் வேண்டாம் என்று மற்றக் கலைஞர்கள் நின்றபின்தான் அழைப்பு உறுதியாயிற்று. நாடகத்தில் தம் இனத்தை இழிக்கும் சொல் அடிக்கடி வருவதைப் பொறாத கில்பின், அதை மாற்றிச் சொன்னார். ஓநீல் சீறினார். மாலுமியின் சாவை உணர்ந்து எழுதியவர், நடிகரின் மானத்தை உணரவில்லை. எவ்வளவு புகழ்ந்தாலும் இதை மறைத்துப் புகழலாகாது. பின்னர் அவ்வேடம் பால் ராப்சனுக்குச் சென்றது.

1922இல் குக்கும் கிளாஸ்பெல்லும் கிரேக்க நாட்டுக்குப் புறப்பட்டனர். 1924 ஜனவரியில் டெல்ஃபியில் குக் இறந்தார். மேடை வேறு கைகளுக்கு மாறியிருந்தது. அவ்வாண்டு மே 15 அன்று ராப்சன் நடிக்க, கறுப்பின ஆடவனும் வெள்ளையப் பெண்ணும் மணந்துகொள்வதைக் காட்டும் ஓநீலின் நாடகம் அரங்கேற இருந்தது. மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. முதற்காட்சியில் இரு நிறத்துச் சிறுவர் சிறுமியரும் கூடி விளையாடுவர். சிறுவர் மேடையேற அனுமதி இல்லை என்று மேயர் அலுவலகம் கடைசி நேரத்தில் மறுத்தது. அன்றிரவு இயக்குநர் மேடைக்கு வந்தார். அந்தக் காட்சியை ஏட்டிலிருந்து அவையோருக்குப் படித்துக் காட்டினார். இரண்டாம் காட்சியிலிருந்து நாடகம் நடந்தது.