லினக்ஸ் கருனியும் வரைகலை இயக்கியும்

கணினித் திரையில் எழுத்தையும் படத்தையும் தோன்றச் செய்யும் மென்பொருள் வரைகலை இயக்கி எனப்படும். இது இயங்குதளத்தின் மையமான கருனிக்கும் வரைகலைச் சில்லுக்கும் இடையே நின்று பணிபுரிகிறது. கருனி மாறினால் இயக்கியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

லினக்ஸ் கருனி 1991இல் தோன்றியது. திரையின் தெளிவை அமைக்கும் வேலையை நெடுங்காலம் கருனிக்கு வெளியே இருந்த எக்ஸ் வழங்கியே செய்துவந்தது. 2009இல் வெளியான 2.6.29 பதிப்பில், இன்டெல் சில்லுகளுக்கு இவ்வேலை கருனிக்குள் வந்தது. பிற இயக்கிகளும் படிப்படியாக மாற்றி எழுதப்பட்டன. மாற்றப்படாத பழைய இயக்கிகள் சில 2023இல் 6.3 பதிப்பில் நீக்கப்பட்டன.

கருனியின் உள் இடைமுகங்கள் அடிக்கடி மாறுபவை. இயக்கியின் மூலநிரல் கருனியோடு சேர்ந்திருந்தால், இடைமுகத்தை மாற்றுபவரே இயக்கியையும் திருத்திவிடுவார். நிறுவனம் மூலநிரலை வெளியிடாவிட்டால் பிறர் திருத்துவது கடினம். என்விடியா சில்லுகளின் செயல்பாட்டைத் தன்னார்வலர்கள் ஆராய்ந்தறிந்து எழுதிய நூவோ இயக்கி 2010இல் கருனியில் சேர்ந்தது.

சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்ஸ் கருனியைக் கொண்டதே. தமிழ்நாடு அரசு 2011 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. மரக்காணம் உப்பளத் தொழிலாளர் போன்றோரின் வீடுகளில் அதுவே முதல் கணினியாக இருக்கக்கூடும். உரிய இயக்கி இல்லையேல் திரை மங்கலான அடிப்படைத் தெளிவில் நின்றுவிடும். காணொளியும் திக்கித் திக்கி ஓடும். பழைய கணினியின் ஆயுள், அதன் இயக்கியைப் பேணுவோர் இருப்பதைப் பொறுத்தது.