சாரதி இல்லாத கார் வந்தால் யார் விலகுவது?

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கினதில் இருந்து கொழும்பில் புதுக் கார்க் கதைதான். தானே பிரேக் போடுமாம், கோட்டை விட்டு விலகினால் தானே ஸ்டியரிங்கைத் திருப்புமாம். அடுத்தது சாரதியே தேவையில்லையாம். "அது பாதுகாப்பா?" என்று கேட்காத ஆளில்லை. நல்ல கேள்விதான், ஆனால் பழசு. ரோட்டுக்குப் புது இயந்திரம் ஒன்று வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது: யார் யாருக்காக விலகுவது?

1865இல் பிரித்தானியாவில் ஒரு சட்டம் வந்தது. நீராவி வண்டி ரோட்டில் போனால் 60 யார் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். ஊருக்குள் வேகம் மணிக்கு 2 மைல், எங்கட அம்மம்மா கோயிலுக்கு நடக்கிற வேகம்கூட இல்லை. இன்றைக்கு இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் ரோடு நடக்கிறவருடையது, இயந்திரம்தான் எச்சரித்துக்கொண்டு வரவேண்டும் என்பது அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. கொடி 1878இல் போனது, முன்னால் நடக்கிற ஆள் 1896இல் போனார். அதே 1896 ஓகஸ்டில் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற பெண் கார் மோதி இறந்தார். தீர்ப்பு: தற்செயலான மரணம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆகப் பெரிய விசயமாகத் தெரியுது. 1920களில் அமெரிக்காவில் கார் கம்பெனிகளும் மோட்டார் சங்கங்களும் 'ஜேவோக்கர்' என்ற சொல்லைப் பரப்பின. 'ஜே' என்றால் பட்டிக்காட்டான். நினைத்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறவன் நாகரிகம் தெரியாதவன். அந்த ஒரு சொல்லோடு குற்றம் காரில் இருந்து காலுக்கு மாறிவிட்டது.

கொழும்பிலும் ஒரு புது இயந்திரம் வந்து போயிருக்கு. 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரம் பூஸ்டெட் கம்பெனி மின்சார ட்ராமைக் கொண்டுவந்தது. ஒரு பாதை கிராண்ட்பாசுக்கு, மற்றது பொரளைக்கு. கொட்டாஞ்சேனைச் சனத்துக்கு எட்டி நடந்தால் ட்ராம். பாரமான சாமான், நினைத்த உடனே நிற்காது. ஆனால் அது எந்த வழியால் வரும் என்று தண்டவாளம் சொல்லிவிடும். உள்ளே மனுசரும் இருந்தார்கள். 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ட்ராம் நின்றது. மருதானையில் பொலிஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். 1944இல் மாநகர சபை ட்ராமை எடுத்தது. அதற்குப் பிறகு குறை சொல்ல ஒரு ஆள் இருந்தார், வோட்டுக் கேட்டு வீட்டுக்கு வாற ஆள். 1960இல் ட்ராமே போய்விட்டது.

இப்ப அரிசோனாவின் டெம்பி நகருக்கு வருவம். 2018 மார்ச் 18 இரவு, சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் பரிசோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 செக்கன் முன்பே சென்சர் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் கணினி அவரை வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி எடுத்தது. கடவை இல்லாத இடத்தில் ஆள் நடந்து வரலாம் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டுபிடித்தது. 1920களின் ஜேவோக்கர் இந்த முறை திட்டுக்கூட வாங்கவில்லை, ஆளாகவே எண்ணப்படவில்லை. கம்பெனி மேல் குற்றவியல் வழக்கு இல்லை. காருக்குள் கண்காணிப்புக்கு இருந்த பெண் போனில் வீடியோ ஓடவிட்டிருந்தார். 2023இல் தண்டனை பெற்றவர் அவர் மட்டும்தான்.

அந்த மென்பொருளை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து பாருங்கோ. மார்க்கட்டுக்கு முன்னால் காலி வீதியைக் கடக்கிறது எப்படி? கையை நீட்டி, 100 பஸ் சாரதியின் கண்ணைப் பார்த்து, அவர் வேகத்தைக் குறைக்கிறாரா இல்லையா என்று அரை செக்கனில் பிடித்துக் கடக்கிறோம். வேறு நாடுகளில் லைட் அடித்தால் 'நீ போ'. இங்க லைட் அடித்தால் 'நான் வாறன், நில்'. கண்ணே இல்லாத காருக்கு யார் கை காட்டுறது?

மனுசச் சாரதிகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. இலங்கை ரோடுகளில் வருசத்துக்கு 2000 பேருக்கு மேல் சாகிறார்கள். 2025 மே 11இல் கொத்மலையில் பள்ளத்தில் விழுந்த பஸ் மட்டும் 20 பேருக்கு மேல் கொண்டுபோனது. இயந்திரத்துக்கு நித்திரை வராது, குடிக்காது, ரேஸ் ஓடாது. இதெல்லாம் உண்மை. இந்தியாவில் நிதின் கட்கரி சாரதியில்லாக் கார்களை விடமாட்டேன் என்றபோது சொன்ன காரணம்கூடப் பாதுகாப்பு இல்லை, சாரதிகளின் வேலை. அந்தப் பயமும் நியாயம்தான்.

ஆனால் எங்கட மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்து எழுதினது. இடையில் திருத்தங்கள் வந்தும் அந்த நினைப்பு மாறவில்லை. சாரதியில்லாத கார் ஒன்று நாளைக்கு வெள்ளவத்தையில் யாரையும் தட்டிவிட்டால், பொலிஸ்காரர் கண்ணாடியைத் தட்டி யாரிடம் லைசன்ஸ் கேட்பார்?