தட்டும் எஞ்சினும் காரீயப் பெட்ரோலும்

புது கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், எஞ்சினிலிருந்து கேட்காத சத்தம் ஒன்று கேட்க ஆரம்பித்தால் மனிதனுக்குத் தூக்கம் போய்விடும். பழைய வண்டி என்றால் "வயசாயிடுச்சு" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். புது வண்டிக்கு அப்படிச் சொல்ல முடியாது. மேம்பாலம் ஏறும்போது, கியரை மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், சில்லறைக் காசுகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல ஒரு ஓசை வரும். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். "எஞ்சின் தட்டுது சார்" என்றும் சொல்வார்கள். பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு இதற்கு இன்னொரு சொல் தெரியும்: "க்ளிக்தி". கண்ணாடிக் குவளைகளோ வாள்களோ ஒன்றோடொன்று உரசும் ஓசைக்கும் அதே சொல்தான்.

சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சத்தத்தின் காரணத்தைத் தேடிய கதை நூறு ஆண்டுகளுக்கு முந்தியது. அதன் விளைவை நாம் எல்லோரும், நம் பிள்ளைகளும், மூச்சில் இழுத்திருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

1912-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கெடிலாக் கார்களில் ஒரு புதுமை வந்தது. அதுவரை காரைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அம்பாசடர் வண்டிக்கும் பழைய பஸ்ஸுக்கும் ஹேண்டில் போட்டதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர், பாட்டரியால் இயங்கும் செல்ஃப் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். எஞ்சினுக்குள் தீப்பொறி கொடுக்கவும் பாட்டரியையே பயன்படுத்தினார்.

வண்டிகள் விற்றன. கூடவே புகார்களும் வந்தன: புது எஞ்சின் தட்டுகிறது, மேடேறினால் சத்தம் வருகிறது, சக்தி குறைகிறது. பழைய மேக்னீட்டோ முறையை ஆதரித்தவர்கள் உடனே விரலை நீட்டினார்கள்: எல்லாம் கெட்டரிங்கின் பாட்டரி இக்னிஷன் செய்யும் வேலை!

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு கோப்பு காணாமல் போனால், கடைசியாக மாற்றலாகி வந்த எழுத்தர் மேல்தான் முதல் சந்தேகம் விழும். புதிதாக வந்தது எதுவோ அதுவே குற்றவாளி. எஞ்சினிலும் அப்படித்தான் நடந்தது. கெட்டரிங்குக்குத் தன் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர் கம்பெனி கிராமத்து வீடுகளுக்கு விளக்கெரிக்கத் தயாரித்த சிறு மண்ணெண்ணெய் எஞ்சின்களும் அதேபோலத் தட்டின. 1916-ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரை இந்த வேலையில் போட்டார். மிட்ஜ்லி படித்தது இயந்திரவியல், வேதியியல் அல்ல.

அக்காலத்தில் பலரும் நம்பியது இது: எஞ்சினுக்குள் எங்கோ சூடேறிய கரித்துண்டு, தீப்பொறி விழுவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடுகிறது. மிட்ஜ்லி ஊகத்தோடு நிற்கவில்லை. சிலிண்டரில் சிறு ஜன்னல் வைத்து உள்ளே எரிவதைப் பார்த்தார். அழுத்தம் எந்தக் கணத்தில் ஏறுகிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தார். தட்டல் தீப்பொறிக்கு முன்னால் வரவில்லை, பின்னால்தான் வந்தது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற பொறியாளரும் தனியாக ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்திருந்தார்.

நடப்பது இதுதான். தீப்பொறி விழுந்ததும் சுடர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சீராகப் பரவ வேண்டும். ஒரு புஸ்வாணம் எரிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடர் பரவும்போது, எட்டாத மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தாங்காத பெட்ரோலாக இருந்தால், சுடர் வந்து சேரும் முன்பே அந்த மிச்சம் முழுவதும் ஒரே நொடியில் தானாக வெடிக்கிறது. புஸ்வாணம் பாதியில் வெடியாக மாறிவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரை அறையும் ஓசைதான் நமக்குக் கேட்பது.

ஆக, பாட்டரி நிரபராதி. குறை எரிபொருளில் இருந்தது. கார்கள் பெருகப் பெருகப் பெட்ரோல் தேவை ஏறியது. சுத்திகரிப்பு ஆலைகள் கனமான எண்ணெயையும் சேர்த்து விற்றன. எஞ்சின்களோ மேலும் அழுத்தித் திணிக்கும் வகைக்கு மாறின. இரண்டும் சேர்ந்து புது வண்டியைத் தட்ட வைத்தன. காரண ஆராய்ச்சி இந்த அளவில் பாராட்டத்தக்கது.

இனி மருந்து. மண்ணெண்ணெய் சிவப்பாக இருந்தால் சூட்டை நன்றாக வாங்கிச் சீக்கிரம் ஆவியாகுமோ என்று இருவருக்கும் ஒரு யோசனை. அமெரிக்கக் காட்டில் பனிக்காலம் முடியும் முன்பே பூக்கும் ஒரு செடிக்கு இலையின் அடிப்பக்கம் சிவப்பாக இருக்குமாம். அதிலிருந்து வந்த நினைப்பு. எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் அன்று கையில் கிடைக்கவில்லை. அயோடினைக் கலந்து பார்த்தார்கள். தட்டல் நின்றது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தார்கள். ஒரு பயனும் இல்லை. நிறமில்லாத அயோடின் சேர்மத்தைக் கலந்தார்கள், பலன் கிடைத்தது. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. தவறான எண்ணம் சரியான கதவைத் திறந்துவிட்டது.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். அனிலின், செலினியம், டெலூரியம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். டெலூரியம் நன்றாக வேலை செய்தது. ஆனால் அதைத் தொட்டவர் மேல் பூண்டு அழுகியது போன்ற நாற்றம் ஏறி, குளித்தாலும் போகாதாம். கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைக் கலந்தார்கள். 3.8 லிட்டர் கொண்ட ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் போதும். தட்டல் அடியோடு அடங்கியது.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுவே. நான் சொல்வது காரீயம். அது நஞ்சு என்பது ரோமாபுரிக் காலத்திலேயே தெரிந்த சங்கதி. காரீய நஞ்சால் வரும் நோய்க்குப் பிரெஞ்சில் "சத்துர்னிஸ்ம்" என்று பெயர். சத்துர்ன் என்றால் சனி கிரகம். பழைய ரசவாதிகள் காரீயத்தைச் சனிக்குரிய உலோகமாக வைத்திருந்தார்கள். நம் ஊர் நம்பிக்கைக்கும் அது பொருத்தமாகவே இருக்கிறது.

வேறு மருந்து இல்லையா என்றால், இருந்தது. ஆல்கஹால் கலந்தால் எஞ்சின் தட்டாது என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். 1921-லேயே ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் கார் ஓட்டிப் பொறியாளர்களுக்குக் காட்டியவர் அவர். ஆனால் ஆல்கஹாலை எந்த விவசாயியும் காய்ச்சலாம். அதற்குக் காப்புரிமை வாங்க முடியாது. தட்டலை அடக்கப் பத்துச் சதவீதத்துக்கு மேல் கலக்கவும் வேண்டும். அந்த அளவுக்குப் பெட்ரோல் விற்பனை குறையும். காரீயமோ ஒரு தேக்கரண்டி, அதுவும் காப்புரிமையோடு.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரத்துப் பங்க் ஒன்றில் விற்பனை தொடங்கியது. 1924-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் கூட்டாக ஒரு கம்பெனி ஏற்படுத்தின. பொருளுக்கு வைத்த பெயர் "எத்தில்". வாழ்நாள் முழுதும் கோப்புகளைப் புரட்டியவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எந்தச் சொல் விடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். டெட்ராஎத்தில் லெட் என்ற பெயரில் "லெட்" என்ற சொல்தான் காரீயம். அந்தச் சொல் மட்டும் விடப்பட்டது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கிப் பிதற்றத் தொடங்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பத்திரிகைகள் "பைத்திய வாயு" என்று எழுதின. அந்த மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர்களை அழைத்து, அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தில் கை கழுவி, புட்டியைச் சுமார் ஒரு நிமிடம் முகர்ந்து காட்டினார். அதற்கு முந்திய வருடம்தான் அவரே காரீய நஞ்சு ஏறி ஓய்வெடுக்க ஃப்ளோரிடா போய் வந்திருந்தார்!

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாடு கூட்டியது. ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், காரீயம் கலந்த புகை ஊர் முழுக்கப் பரவும், இது ஆலைத் தொழிலாளியின் பிரச்சினை மட்டுமல்ல என்று எச்சரித்தார். எத்தில் கம்பெனியின் பிரதிநிதியோ இது கடவுளின் கொடை என்ற அளவுக்குப் பேசினார். ஒரு குழு அமைத்தார்கள். சில மாதங்களே ஆராய்ந்த குழு, தடை செய்யப் போதிய காரணம் இப்போது இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று 1926-ல் எழுதிக் கொடுத்தது. குறிப்பின் முதல் பாதி அமலுக்கு வந்தது. இரண்டாம் பாதியான ஆராய்ச்சியைப் பிறகு பெரும்பாலும் அந்தத் தொழிலே பணம் கொடுத்து நடத்திக்கொண்டது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. காரீயம் எரிந்து எஞ்சினுக்குள்ளேயே படிந்தால் வால்வும் ப்ளக்கும் கெடும். அதனால் புரோமின் சேர்மம் ஒன்றையும் கலந்தார்கள். காரீயம் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும். எஞ்சின் சுத்தமாக இருக்க, நஞ்சு தெருவுக்கு வந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து உண்மை வெளியே வந்த விதமும் விசித்திரம். கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பூமியின் வயதைக் கணக்கிட விண்கல்லில் உள்ள காரீயத்தை அளந்துகொண்டிருந்தார். 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் சொன்னவர் அவர்தான். அந்த வேலையில், எங்கு பார்த்தாலும், தூசியில், தண்ணீரில், தன் ஆய்வகத்து மேஜையில்கூடக் காரீயம் ஒட்டியிருப்பதைக் கண்டார். 1965-ல், இது இயற்கை அல்ல, நாம் கொட்டியது என்று எழுதினார். அவருக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது, அவர் விடவில்லை.

1970-களின் மத்தியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. காரீயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் அமெரிக்காவில் காரீயமில்லாத பெட்ரோல் வந்தது. மனிதனைக் காப்பதற்கு முன் அந்தக் கருவியைக் காக்க வேண்டியிருந்தது! பலன் பெரிது. அமெரிக்கர்களின் இரத்தத்தில் சராசரிக் காரீயம் 1970-களின் கடைசியில் டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராம், 1990-ஐ ஒட்டி 2.8. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கிறது என்பதும், இதற்கு மேல்தான் ஆபத்து என்று ஒரு எல்லை காட்ட முடியாது என்பதும் இன்று மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் காரீயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும். பங்குகளில் "அன்லெடட்" என்று எழுதி வைத்திருந்தது நினைவிருக்கலாம். பிரான்ஸில் இருக்கும் நம் உறவினர்கள் "சான் ப்ளோம் 95" என்று பங்கில் கேட்பார்களே, அதன் பொருளும் "காரீயம் இல்லாதது". அந்த 95, பெட்ரோல் தட்டாமல் எவ்வளவு நெருக்கடியைத் தாங்கும் என்று காட்டும் ஆக்டேன் எண். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஒரு சத்தத்தை அடக்கப் போட்ட மருந்தை வெளியே எடுக்க நூறு ஆண்டுகள் ஆயின.

இன்றைய புது வண்டியில் தட்டலைக் கேட்க எஞ்சினிலேயே ஒரு சென்சார் காது வைத்திருக்கிறது. கேட்டதும் தீப்பொறியின் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டுவிடும். அதையும் மீறிச் சத்தம் கேட்டால், உடனே எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். எப்போது கேட்கிறது, காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பிறகா, மேடேறும்போது மட்டுமா, கடைசியாக எந்தப் பங்கில் பெட்ரோல் போட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் காரணம் தேடியபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். அதுவரை அவர்களைப் பின்பற்றலாம்.

இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மைலேஜ் குறைகிறது, பழைய வண்டிக்கு ஆகாது என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் தனி. ஆனால் எத்தனால் என்பது வேறொன்றுமில்லை, 1921-ல் மிட்ஜ்லி ஓட்டிக் காட்டிவிட்டு ஓரமாக வைத்த அதே ஆல்கஹால்தான். அன்றே அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், 2000-க்கு முன் பஸ் நிலையத்துப் பக்கத்திலும் கடைத்தெருவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் அந்தப் புகையை இழுத்திருக்க வேண்டியதில்லை.