ஸ்டூவர்ட் சிற்பத் தொகுப்பு

ஸ்டூவர்ட் சிற்பத் தொகுப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகரின் லா ஹோயா பகுதியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக (சான் டியேகோ) வளாகத்தில் திறந்தவெளியில் நிறுவப்பட்டுள்ள தற்காலக் கலைப்படைப்புகளின் தொகுப்பு ஆகும். ஏறத்தாழ 1,200 ஏக்கர் (485 எக்டேர்) பரப்புள்ள இவ்வளாகத்தில் 20க்கும் மேற்பட்ட படைப்புகள் பரவிக் கிடக்கின்றன. இவை ஒரே தோட்டத்தில் வரிசையாக வைக்கப்படவில்லை. மரத்தோப்பு, நூலக வாயில், கட்டடக் கூரை, புல்வெளி எனப் பல இடங்களில் உள்ளன. எனவே இத்தொகுப்பைக் காண்பது என்பது வளாகத்தை நடந்து சுற்றிப் பார்ப்பதாகவே அமைகிறது.

வரலாறு

இப்பல்கலைக்கழகம் 1960 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. கலை ஆர்வலரும் தொழிலதிபருமான ஜேம்ஸ் ஸ்டூவர்ட் டிசில்வா என்பவரின் முயற்சியால், 1982 ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் அறக்கட்டளைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வளாகத்தின் எப்பகுதியையும் சிற்பத்துக்குரிய இடமாகக் கருதலாம் என்பதே இதன் சிறப்புக் கூறு. 1981 முதல் 2021 வரை மேரி பீபி இத்தொகுப்பின் இயக்குநராகப் பணியாற்றினார்.

இங்கு ஆயத்தமான சிற்பங்கள் விலைக்கு வாங்கி வைக்கப்படுவதில்லை. ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும் கலைஞர் வளாகத்துக்கு வந்து, இடத்தைத் தேர்ந்து, அவ்விடத்துக்கென்றே ஒரு திட்டத்தை முன்வைப்பார். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கிடைத்த பின்னரே பணி தொடங்கும். இத்தகைய படைப்புகள் "இடஞ்சார் கலை" எனப்படும். இவற்றை வேறிடத்துக்குப் பெயர்த்தால் பொருள் குன்றிவிடும்.

நடைச்சுற்று

தொகுப்பின் அனைத்துப் படைப்புகளையும் ஒரே நடையில் காண்பது கடினம். நூலகத்தைச் சுற்றியும் பொறியியல் புலத்திலும் உள்ளவற்றைக் கீழ்க்காணும் வரிசையில் தொடர்ச்சியாகக் காணலாம்.

சூரியக் கடவுள் (1983): பிரெஞ்சு-அமெரிக்கக் கலைஞர் நிக்கி தெ சான் ஃபால் உருவாக்கிய வண்ணப் பறவை. தொகுப்பின் முதற்படைப்பு இதுவே. 15 அடி உயர வளைவின் மேல் 14 அடி உயரப் பறவை சிறகு விரித்து நிற்கிறது. மாணவர்கள் இதற்குப் பட்டமளிப்புத் தொப்பி முதலியவற்றை அணிவித்து மகிழ்வது வழக்கம். மாணவர்களின் ஆண்டு விழாவும் இதன் பெயரைக் கொண்டுள்ளது.

ஓடும் இரு ஊதா 'வி' வடிவங்கள் (1983): தைல மரத் தோப்பினுள் ராபர்ட் இர்வின் அமைத்தது. நெகிழி பூசப்பட்ட நீலஊதா நிறக் கம்பி வலை, துருப்பிடிக்காத எஃகுத் தூண்களின் மேல் மரங்களின் நடுவே இரு 'வி' வடிவங்களாக ஓடுகிறது. இதன் சராசரி உயரம் 25 அடி. வெயில் படும்போது வலை ஒளிர்கிறது, நிழலில் மறைந்துவிடுகிறது. ஆகவே ஒரே நாளில் காலையிலும் மாலையிலும் இது வெவ்வேறாகத் தெரியும்.

மரங்கள் (1986): டெர்ரி ஆலன் உருவாக்கியது. மூன்று தைல மரங்களைப் பதப்படுத்தி, ஈயத் தகடுகளால் முழுவதும் போர்த்தியுள்ளார். தோப்பில் நிற்கும் இரண்டில் ஒன்று இசையை ஒலிக்கிறது. மற்றொன்று கவிதைகளையும் கதைகளையும் சொல்கிறது. மூன்றாவது மரம் நூலகத்தின் அருகே பேசாமல் நிற்கிறது. புதிய கட்டடங்களுக்காக அகற்றப்படும் நிலையில் இருந்த மரங்களும் இதில் பயன்படுத்தப்பட்டன.

படி, எழுது, சிந்தி, கனவு காண் (2001): கைசல் நூலகத்தின் வாயிலில் ஜான் பால்டெசரி அமைத்தது. இந்நான்கு சொற்களும் கதவுகளுக்கு மேல் எழுதப்பட்டுள்ளன. கதவுகள் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று வரும்போது வண்ணக் கண்ணாடிகள் கலந்து புதிய நிறங்களைத் தருகின்றன. நூலகத்துக்குள் செல்வோர் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் இப்படைப்பை இயக்குகின்றனர்.

பாம்புப் பாதை (1992): அலெக்சிஸ் சிமித் வடிவமைத்தது. அறுகோணப் பலகைக்கல் ஓடுகளைச் செதில்களாகக் கொண்ட இப்பாதை 560 அடி (சுமார் 170 மீட்டர்) நீளமும் 10 அடி அகலமும் உடையது. நூலகத்தை நோக்கி மேட்டில் வளைந்து ஏறுகிறது. வழியில் ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்ட்டனின் "இழந்த சொர்க்கம்" நூலின் வடிவில் பெரிய கருங்கல் ஒன்றும், ஒரு சிறு பழத்தோட்டமும் உள்ளன. விவிலியத்தில் முதல் மனிதர்களை அறிவுமரத்தின் கனியை உண்ணத் தூண்டியது பாம்பு. இங்கோ பாம்பே மாணவரை நூலகத்துக்கு அழைத்துச் செல்கிறது.

கரடி (2005): டிம் ஹாக்கின்சன் எட்டுக் கருங்கற்பாறைகளை அடுக்கி உருவாக்கியது. உயரம் 23.5 அடி, எடை சுமார் 180 டன். பொம்மைக் கரடி போன்ற மென்மையான உருவம் மிகக் கடினமான கல்லில் அமைந்திருப்பது இதன் சுவை.

வீழ்ந்த விண்மீன் (2012): தென்கொரியக் கலைஞர் டோ ஹோ சூவின் படைப்பு. ஜேக்கப்சு பொறியியல் கட்டடத்தின் ஏழாம் தளத்தின் ஓரத்தில், காற்றில் வந்து மோதி ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு சிறு வீடு சாய்ந்து தொங்குகிறது. கலைஞர் மாணவராக வாழ்ந்த ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்சு நகர வீடுகளை ஒத்து இது கட்டப்பட்டது. வீட்டின் சாய்வும் தரையின் சாய்வும் வேறுவேறு. கண் ஒன்றைச் சொல்ல, உடலின் சமநிலை உணர்வு வேறொன்றைச் சொல்வதால் உள்ளே நுழைவோருக்குத் தலை சுற்றும். சொந்த ஊரை விட்டுப் புதிய நாட்டுக்கு வந்தவர் உணரும் தடுமாற்றத்தை இப்படைப்பு உடலாலேயே உணரச் செய்கிறது.

தீமைகளும் நற்பண்புகளும் (1988): புரூஸ் நௌமனின் நியான் விளக்குப் படைப்பு. கிறித்தவ மரபில் கூறப்படும் ஏழு நற்பண்புகளின் பெயர்களும் ஏழு தீமைகளின் பெயர்களும் 7 அடி உயர எழுத்துகளில் கட்டட உச்சியைச் சுற்றி ஒளிர்கின்றன. நற்பண்புகள் கடிகார முள் செல்லும் திசையிலும், தீமைகள் அதற்கு எதிர்த்திசையிலும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் புதிய இணைகள் தோன்றிக்கொண்டே இருக்கும். முதலில் ஓர் அரங்கக் கட்டடத்தின் மேல் நிறுவ எண்ணப்பட்ட இப்படைப்பு, அருகில் வசித்தோரின் எதிர்ப்பால் இடம் மாறியது. இப்போது இது உள்ள கட்டடம், கட்டுமானங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஆகும். இதனைக் காண இருட்டிய பின் செல்லவேண்டும்.

தொலைவில் உள்ள பிற படைப்புகள்

இயான் ஹாமில்ட்டன் ஃபின்லேயின் "உண்டா" (1987) இலத்தீனில் அலை என்னும் பொருள்படும் சொல்லைக் கற்களில் செதுக்கியது. ஜென்னி ஹோல்சரின் "பச்சை மேசை" (1992) வாசகங்கள் பொறிக்கப்பட்ட கருங்கல் மேசை. மாணவர்கள் இதில் அமர்ந்து உண்பதும் உண்டு. மருத்துவப் பள்ளியில் உள்ள கிக்கி சிமித்தின் "நிற்றல்" (1998) தூண் மேல் நிற்கும் வெண்கலப் பெண்ணுருவம். மார்க் பிராட்ஃபோர்டின் படைப்பு (2018) 199 அடி உயரக் கம்பம்; 1844 இல் சாமுவேல் மோர்சு அனுப்பிய முதல் தந்திச் செய்தியை அதன் உச்சி விளக்கு மோர்சுக் குறியீட்டில் மின்னி மின்னிச் சொல்கிறது. ஆன் ஹாமில்ட்டனின் எழுத்துப் பாதை (2023) இப்பகுதியின் தொல்குடிகளான குமியாய் மக்களின் மொழியில் பெயர் பெற்றுள்ளது.

வழிகாட்டியின் தேவை

அருங்காட்சியகத்தில் சட்டமும் பீடமும் "இது கலை" என்று அறிவித்துவிடும். இங்கு அத்தகைய அறிவிப்பு பெரும்பாலும் இல்லை. இதற்கு மைக்கேல் ஆஷரின் படைப்பு (1991) நல்ல எடுத்துக்காட்டு. இது அலுவலகங்களில் காணப்படும் உலோகக் குடிநீர் அமைப்பின் வடிவிலேயே மெருகேற்றிய கருங்கல்லில் செய்யப்பட்டது. தண்ணீரும் வரும், குடிக்கவும் செய்யலாம். பலர் இதனைக் கலைப்படைப்பு என்று அறியாமலேயே கடந்து செல்லக்கூடும். இதன் எதிரே ஒரு கொடிக்கம்பமும் நினைவுக்கல்லும் உள்ளன. இந்நிலம் முன்னர் மேத்யூசு முகாம் என்னும் அமெரிக்க மரைன் படையினரின் துப்பாக்கிப் பயிற்சிக் களமாக இருந்து, 1964 ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டதை அக்கல் குறிக்கிறது. இவ்வரலாற்றை அறிந்தவருக்கே கல்லாலான குடிநீர்க் குழாய் அந்நினைவுச் சின்னத்தோடு நடத்தும் உரையாடல் விளங்கும். இதை எடுத்துச் சொல்வதே வழிகாட்டியின் பணி.

வளாக வளர்ச்சியும் பாதுகாப்பும்

படைப்பு இடத்தோடு பிணைந்திருப்பதால், இடம் மாறும்போது படைப்பும் மாறுகிறது. வில்லியம் வெக்மனின் "லா ஹோயா காட்சிமுனை" (1988) இதனையே பொருளாகக் கொண்டது. தொலைநோக்கியும் பலகையும் கொண்ட இக்காட்சிமுனை கடலை நோக்கி அமையவில்லை. சாலைகளும் கட்டடங்களும் பெருகிவந்த கிழக்குப் பகுதியை நோக்குகிறது. வளர்ச்சி கூடக்கூட இப்படைப்பின் நகைச்சுவையும் கூடுகிறது.

ஆனால் எல்லாப் படைப்புகளும் இவ்வாறு பயன்பெற இயலாது. இர்வினின் வலைக்கு மரங்களும் அவற்றினூடே வரும் ஒளியும் தேவை. தோப்பு குறைந்தால் எஞ்சுவது வெறும் வேலியே. நியான் குழாய்கள், ஒலிபெருக்கிகள், வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கும் தொடர் பராமரிப்பு வேண்டும். வளர்ந்துவரும் ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பறைக்கும் விடுதிக்கும் நிலம் தேவைப்படும்போது, ஒரு மரத்தோப்பு கலைப்படைப்பின் பகுதி என்பதை முடிவெடுப்போர் அறிந்திருப்பது இன்றியமையாதது. நடந்து பார்த்தவர்களின் எண்ணிக்கை பெருகுவதே இதற்கு உறுதியான பாதுகாப்பு எனலாம்.

பார்வையாளர்களுக்கு

படைப்புகளைப் பார்வையிடக் கட்டணம் இல்லை. வரைபடத்தின் துணையுடன் தாமாகவே சுற்றலாம். "வீழ்ந்த விண்மீன்" வீட்டின் உட்புறம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் திறக்கப்படும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது. வளாகம் மேடுபள்ளமானது, நடைக்கேற்ற காலணி அணிவது உதவும். பிற்பகலில் தொடங்கினால் தோப்பில் ஒளியின் மாற்றத்தையும், நடை முடியும் நேரத்தில் நியான் எழுத்துகளையும் ஒரே நாளில் காணலாம்.